புலியென்று பெயர் சுமந்த பைவிலங்கு

1936-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7-ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள தாஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட் நகர விலங்குக்காட்சிச் சாலையில் ஒரு விலங்கு இறந்தது. நாயைப் போன்ற தலையும், முதுகில் புலியைப் போன்ற வரிகளும், வயிற்றில் கங்காருவைப் போன்ற பையும் உடையது அது. மனிதர் அறிய அவ்வினத்தில் உயிரோடிருந்த கடைசி விலங்கு அதுவே. அவ்வினத்தைக் கொல்லலாகாது என்று தாஸ்மேனிய அரசு முழுப் பாதுகாப்பு வழங்கியது அதே ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள். பாதுகாப்பு வந்த 59-ஆம் நாளில் பாதுகாக்கப்பட வேண்டியது இல்லாமற்போயிற்று. கண் கெட்டபின் சூரிய வணக்கம் என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

அறிவியலார் தைலசீன் என்றும், பொதுமக்கள் தாஸ்மேனியப் புலி என்றும் வழங்கும் இவ்விலங்கு எவ்வாறு அழிந்தது? துப்பாக்கியாலும் கண்ணியாலும் நஞ்சாலும் அழிந்தது என்பது ஒரு விடை. அது மெய்யே. ஆயினும், அக்கருவிகளைக் கையில் எடுக்கத் தூண்டியது யாது என்று மேலும் ஆராயின், அவ்விலங்கைப் பற்றிய பிழையான எண்ணமே என்பது புலனாகும். இயல்பை அறியுமுன் பெயர் இட்டனர். பெயரைக் கொண்டு குற்றம் சாட்டினர். குற்றத்தைக் கொண்டு தலைக்கு விலை வைத்தனர். அது எத்தகைய விலங்கு என்னும் உண்மையோ, அதன் எலும்புகளை அளந்து பார்த்த பிற்காலத்தாருக்கே விளங்கிற்று.

பெயர் வந்த வழி

1642-ஆம் ஆண்டில் பத்தாவியாவிலிருந்து புறப்பட்ட ஆபெல் டாஸ்மன் என்னும் டச்சு மாலுமி இத்தீவை அடைந்தார். கரையிறங்கிய அவருடைய ஆட்கள், புலியின் நகம் பதிந்தாற்போன்ற காலடிகளைக் கண்டதாக வந்து கூறினர். கீழைத் தீவுகளிலிருந்து சென்றவர்கட்குப் புலி நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. விலங்கைக் கண்ணால் காணுமுன்பே புலி என்னும் பெயர் கரையேறிவிட்டது.

ஆங்கிலேயர் அத்தீவில் குடியேறத் தொடங்கியது 1803-ஆம் ஆண்டில். 1805-இல் துணைநிலை ஆளுநராயிருந்த வில்லியம் பேட்டர்சன், கொல்லப்பட்ட ஒரு விலங்கைப் பற்றிய வருணனையைச் சிட்னிச் செய்தித்தாளுக்கு அனுப்பினார். 1808-இல் நில அளவைத் துறையைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாரிஸ் என்பவரின் விளக்கம் இலண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. அவர் இதனை அமெரிக்காவின் ஒபோசம் என்னும் பைவிலங்கோடு ஒரே பேரினத்தில் சேர்த்து, நாய்த்தலையுடையது என்று பொருள்படும் சிறப்புப் பெயர் சூட்டினார். இது ஒபோசம் வகையன்று என்பதை உணர்ந்த டச்சு விலங்கியலார் டெம்மிங்க், 1824-இல் தைலசைனஸ் என்னும் தனிப் பேரினத்தை அமைத்தார். பை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது அப்பெயர்.

அறிஞர்கள் இவ்வாறு திருத்திக்கொண்டே செல்ல, குடியேறிய மக்களோ தம் பழைய நாடுகளிற் கண்டும் கேட்டும் அஞ்சிய விலங்குகளின் பெயர்களையே வழங்கினர். புலி என்றனர், ஓநாய் என்றனர், கழுதைப்புலி என்றனர், வரிக்குதிரை ஓநாய் என்றும் கூறினர். இவற்றுள் எதுவும் அது அன்று. ஆயினும் ஓநாயைக் கண்டால் ஆட்டிடையன் செய்வது என்னவோ, அதையே பெயரைக் கேட்டவர்களும் செய்தனர்.

அவ்விலங்கை உண்மையில் அறிந்திருந்தவர் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அதனோடு வாழ்ந்த தாஸ்மேனியப் பழங்குடி மக்கள். இன்று அவர்தம் வழியினர் மீட்டெடுத்து வழங்கும் மொழியில் அதன் பெயர் கபருனினா. 1820-களிலும் 1830-களின் தொடக்கத்திலும் குடியேறியவர்கள் நிலத்தைக் கைப்பற்றியபோது நடந்த போரில் அம்மக்கள் பெரும்பாலோர் மாண்டனர். எஞ்சியோரிற் பலர் ஃபிளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அறிந்தோரை அகற்றிவிட்ட பின், அறியாதோரின் சொல்லே சான்றாயிற்று.

உடலமைப்பு

புலி என்னும் பெயர் எத்துணைப் பொருந்தாதது என்பதை அளவுகளே காட்டும். தீபகற்ப மலேசியாவின் காட்டில் வாழும் ஆண்புலி 100 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ளது. தைலசீனின் எடை ஏறக்குறைய 30 கிலோ என்று நூல்கள் நெடுங்காலம் எழுதி வந்தன. அருங்காட்சியகங்களில் உள்ள எலும்புகளையும் பதப்படுத்திய உடல்களையும் அளந்து மோனாஷ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2020-இல் வெளியிட்ட முடிவின்படி, வளர்ந்த விலங்கின் சராசரி எடை 16.7 கிலோ மட்டுமே. ஆண் ஏறக்குறைய 20 கிலோவும், பெண் 14 கிலோவும் இருந்தன. ஒரு நடுத்தர நாயின் எடை என்க.

நிறம் மணல் போன்ற மஞ்சட்பழுப்பு. தோளுக்குப் பின்னே தொடங்கி வாலடி வரையில் குறுக்கே ஓடிய கரும் பட்டைகள் விலங்குக்கு விலங்கு எண்ணிக்கையில் வேறுபட்டன. பதினைந்து முதல் இருபது வரை இருத்தல் இயல்பு. வால் அடியில் பருத்து, நுனியில் மெலிந்து, கங்காருவின் வாலைப் போல விறைப்பாக இருந்தது. நாயைப்போல் அதனைக் குழைத்து ஆட்ட இயலாது. கால்கள் உடல் நீளத்திற்குக் குட்டையானவை. வாயை வியக்கத்தக்க அகலத்திற்குத் திறக்க வல்லது. காட்சிச் சாலையில் எடுத்த நிழற்படங்களில் வாய் விரிந்த அத்தோற்றத்தைக் காண்போர் இன்றும் அஞ்சுவர்.

மண்டையோட்டை மட்டும் நாயின் மண்டையோட்டுக்கு அருகில் வைத்தால் விலங்கியல் பயிலும் மாணவரும் மயங்குவர். வேறுபாடு காண்பதற்குப் பல்லை எண்ண வேண்டும். நாய்க்குப் பற்கள் 42, தைலசீனுக்கு 46. மேல்தாடையின் முன்பற்கள் நாய்க்கு 6, இதற்கு 8. மேலும், அண்ணத்தின் எலும்பில் இரண்டு பெரிய துளைகள் இருக்கும். இவை பைவிலங்கு இனத்தின் அடையாளங்கள்.

ஒப்புமையும் உறவும்

இத்துணை ஒற்றுமை இருப்பினும் நாய்க்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. இரண்டின் பொது முன்னோர் வாழ்ந்த காலம் இன்றைக்கு ஏறக்குறைய 16 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். உறவு முறையில் நோக்கினால், நாய்க்குத் தைலசீனைவிட மனிதனும் திமிங்கலமும் நெருங்கியவர்கள். தைலசீனின் உறவினர் தாஸ்மேனியப் பேய் எனப்படும் கரிய பைவிலங்கும், கறையான் தின்னும் நம்பட்டும் ஆகும்.

உறவில்லாத இரண்டு இனங்கள் ஒரேவகை வாழ்க்கையை மேற்கொள்ளுங்கால் காலப்போக்கில் உருவத்திலும் ஒத்துவிடுவதை உயிர்நூலார் குவி பரிணாமம் என்பர். மீனுக்கும் திமிங்கலத்திற்கும் துடுப்பு அமைந்தது போன்றதே இது. இறைச்சி தின்று வாழும் பெருவிலங்கின் இடம் வடநாடுகளில் ஓநாய்க்கும் நாய்க்கும் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் பைவிலங்கு ஒன்றற்குக் கிடைத்தது. பள்ளி மாணவர்க்கு இப்பாடத்தை விளக்க உலகில் இதனினும் தெளிவான சான்று இல்லை எனலாம். அச்சான்றை உயிரோடு காட்டும் வாய்ப்பே போய்விட்டது.

தாயும் சேயும்

தைலசீனின் பை கங்காருவின் பையைப் போல் முன்னோக்கித் திறவாமல் பின்னோக்கித் திறந்தது. நாற்கால்களால் புதரூடே செல்லும் விலங்கிற்கு இவ்வமைப்பு நன்மை தருவது. குச்சியும் குப்பையும் பைக்குள் புகா. பையினுள் நான்கு முலைக்காம்புகள் உண்டு. ஒரு ஈற்றில் நான்கு குட்டிகள் வரை வளர்த்தது. ஆணுக்கும் விதைப்பையை மூடிக் காக்கும் தோல்மடிப்பு இருந்தது. ஆண்களில் இவ்வகை மடிப்பு விலங்குலகில் மிக அரிது.

பைவிலங்குகளின் குட்டி முதிராத நிலையிலேயே பிறந்து, தானே ஊர்ந்து சென்று காம்பைப் பற்றிக்கொள்வது. ஆகலின் பிறந்த பொழுதில் அதற்கு முன்கைகளே வலிமையாக இருத்தல் வேண்டும். சாராயத்தில் ஊறவைத்துப் பாதுகாக்கப்பட்ட தைலசீன் குட்டிகளை ஊடுகதிரால் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள் 2018-இல் ஓர் உண்மையைக் கண்டனர். பையிலிருக்கும் தொடக்கக் காலத்தில் குட்டி மற்றப் பைவிலங்குகளின் குட்டிகளைப் போன்றே இருந்தது. பையை விட்டு வெளிவரும் பருவத்தில்தான் நாயின் சாயலைப் பெற்றது. பிறப்பில் தன் குலத்தையும், வளர்ச்சியில் தன் தொழிலையும் காட்டிய விலங்கு அது.

அடைத்து வைத்த நிலையில் இது குட்டி ஈன்று வளர்த்ததாகப் பதிவாகியிருப்பது ஒரே ஒருமுறை. மெல்போர்ன் விலங்குக்காட்சிச் சாலையில் 1899-ஆம் ஆண்டில். பையில் குட்டிகளோடு ஒரு தாய் கண்ணியில் விழின், ஒரு குடும்பமே அழிந்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

வேட்டையாடிய முறை

பகலில் பாறையிடுக்கிலும் மரப்பொந்திலும் படுத்திருந்து, அந்தியிலும் இரவிலும் இரை தேடியது தைலசீன். தனியாகவோ இணையாகவோ சென்றது; ஓநாயைப் போல் பெருங்கூட்டம் சேர்ந்ததில்லை. பெரும்பாலும் ஓசையற்றது, வேட்டையின்போது இருமல் போன்ற சிறு குரைப்பொலி எழுப்பியது என்று கண்டோர் எழுதி வைத்துள்ளனர். அக்குரலை ஒலிப்பதிவு செய்தவர் ஒருவருமில்லை.

நாய் இரையை நெடுந்தொலைவு துரத்திக் களைப்படையச் செய்து பிடிப்பது. பூனையினம் பதுங்கியிருந்து பாய்வது. அதற்கேற்ப முன்கையைத் திருப்பும் வகையில் முழங்கை அமைந்திருக்கும். தைலசீனின் முழங்கை எலும்பை அளந்து பார்த்த ஆராய்ச்சியாளர், அது நாயின் அமைப்பைவிடப் பதுங்கி வேட்டையாடும் விலங்குகளின் அமைப்பையே ஒத்தது என்று 2011-இல் எழுதினர். அதே ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் மண்டையோட்டைக் கணிப்பொறியில் வடிவமைத்து, கடிக்கும்போது தாடை தாங்கக்கூடிய விசையைக் கணக்கிட்டனர். அத்தாடை பெரிய இரையோடு போராடுவதற்கு ஏற்றதன்று. 5 கிலோவுக்கு உட்பட்ட சிறு விலங்குகளை உண்டு வாழ்ந்திருத்தல் வேண்டும் என்பது அவர்தம் முடிபு.

ஆட்டுக்குட்டியை இது ஒருபோதும் தொட்டதில்லை என்று கூறுதல் இயலாது. தக்க வாய்ப்புக் கிடைத்தபோது சில தைலசீன்கள் ஆட்டைப் பிடித்திருக்கக் கூடும். ஆனால் மந்தை மந்தையாக வளர்ந்த ஆடுகளைக் கொன்று குவித்தது என்பதும், இரத்தத்தை மட்டும் குடித்துவிட்டுப் போயிற்று என்பதும் அதன் உடலமைப்போடு பொருந்தாத கதைகள்.

தலைக்கு விலை

தைலசீன் ஒரு காலத்தில் ஆஸ்திரேலியப் பெருநிலம் முழுதும் வாழ்ந்தது. காக்கடுப் பகுதிப் பாறைகளில் பழங்குடி மக்கள் தீட்டிய வரிவிலங்கின் ஓவியங்கள் அதற்குச் சான்று. பெருநிலத்தில் அது மறைந்தது ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முன்னர். மனிதரோடு வந்த டிங்கோ நாயின் போட்டியும், மக்கள் பெருக்கமும், பருவநிலை மாற்றமும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. கடல்மட்டம் உயர்ந்து முன்னரே தனித்தீவாகிவிட்ட தாஸ்மேனியாவிற்கு டிங்கோ சென்றதில்லை. அங்கே தைலசீன் பிழைத்தது. தீவு அதற்குக் கோட்டையாக இருந்தது. ஆட்டுப் பண்ணைகள் வரும் வரையில்.

வான் டீமன்ஸ் லேண்ட் நிறுவனம் தீவின் வடமேற்கில் பெருநிலம் பெற்று ஆடு வளர்க்கத் தொடங்கியது. எதிர்பார்த்த ஆதாயம் வரவில்லை. குளிரும் மழையும் ஆடுகளைக் கொன்றன, காட்டில் திரிந்த நாய்கள் கொன்றன, திருட்டும் இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதற்கேற்ப, 1830-இல் அந்நிறுவனம் தைலசீனின் தலைக்குப் பரிசு அறிவித்தது. மேற்பார்வைக் குறைவையோ, நிலத்தின் தகுதியின்மையையோ முதலாளிகளுக்கு எடுத்துரைப்பதைவிட, இரவில் உலவும் ஒரு வரிவிலங்கைக் காட்டுதல் எளிதாயிருந்தது.

1886-ஆம் ஆண்டு, கிழக்குக் கரைப் பண்ணையாளரும் சட்டமன்ற உறுப்பினருமான ஜான் லைன் அரசே பரிசு வழங்க வேண்டும் என்று மன்றத்தில் முன்மொழிந்தார். எதிர்த்துப் பேசியவர்களும் இருந்தனர். வாக்கெடுப்பில் 12 பேர் ஆதரவும், 11 பேர் எதிர்ப்பும் தெரிவித்தனர். ஓர் இனத்தின் ஊழ் ஒரே வாக்கில் முடிவாயிற்று. 1888 முதல் வளர்ந்த விலங்கு ஒன்றுக்கு 1 பவுனும், குட்டிக்கு 10 ஷில்லிங்கும் அரசுப் பணத்திலிருந்து வழங்கப்பட்டன. கூலிவேலை செய்வோர்க்கு அது சிறு தொகையன்று.

அரசுக் கணக்கேடு வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறது. 1900-ஆம் ஆண்டில் பரிசு பெற்ற தலைகள் 153. 1905-இல் 111. அடுத்த ஆண்டில் 58. 1907-இல் 42. 1908-இல் 17. 1909-இல் 2. அத்துடன் திட்டம் நின்றது. இருபத்திரண்டு ஆண்டுகளில் மொத்தம் 2,184. தனியார் பரிசுக்காகவும் தோலுக்காகவும் கொல்லப்பட்டவை இக்கணக்கில் சேரா. சில ஆண்டுகளுக்குள் எண்ணிக்கை இவ்வாறு சரிந்தமைக்கு வேட்டை மட்டுமன்றி, அக்காலத்தில் பரவிய ஒரு நோயும், காடழிப்பும் துணைபுரிந்தன என்பது அறிஞர் கருத்து. எனினும், ஆண்டுதோறும் குறைந்துவந்த அந்த எண்கள் அரசின் கையிலேயே இருந்தன. கணக்கு எழுதியவர் உண்டு. கணக்கைப் படித்தவர் இல்லை.

1921-ஆம் ஆண்டில் ஒரு நிழற்படம் வெளியாயிற்று. வாயில் கோழியைக் கவ்வியபடி தைலசீன் நிற்பதாகக் காட்டும் அப்படம், கோழித்திருடன் என்னும் எண்ணத்தை மக்கள் மனத்தில் பதித்தது. அது காட்டில் எடுத்த படமன்று. அடைப்புக்குள் எடுத்து, பின்னணி தெரியாவண்ணம் ஓரங்களை வெட்டி அச்சிட்டது என்பது பின்னரே தெரியவந்தது.

கடைசி ஆண்டுகள்

அரிதாகிவிட்டது என்றவுடன் காட்சிச் சாலைகள் விலை கொடுத்து வாங்கத் தொடங்கின. இலண்டன் காட்சிச் சாலையின் கடைசித் தைலசீன் 1931-இல் மாண்டது. 1928-இல் தாஸ்மேனியக் காட்டுயிர் ஆலோசனைக் குழு இவ்விலங்கிற்கென ஒரு காப்பிடம் வேண்டும் என்று பரிந்துரைத்தும் அது நடைபெறவில்லை. 1930-ஆம் ஆண்டு மே மாதத்தில் மாபன்னா என்னும் ஊரில் வில்ஃப் பாட்டி என்னும் விவசாயி தம் பண்ணைக்கு வந்த ஒன்றைச் சுட்டார். காட்டு நிலையில் சுடப்பட்டதாகப் பதிவாகியுள்ள கடைசி விலங்கு அது.

1933-இல் டேவிட் ஃபிளே என்னும் இயற்கையாராய்ச்சியாளர் ஹோபார்ட் காட்சிச் சாலையில் ஒன்றைச் சலனப்படம் எடுத்தார். கூண்டுக்குள் முன்னும் பின்னும் நடந்து, கொட்டாவி விட்டு, படுத்துக்கொள்ளும் அவ்விலங்கு படமெடுத்தவரையே கடித்தது. இன்று உலகில் எஞ்சியிருக்கும் தைலசீன் படச்சுருள்கள் யாவற்றையும் ஒருங்கே ஓட்டினாலும் சில நிமிடங்களே ஆகும்.

1982-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும், 1986-இல் தாஸ்மேனிய அரசும் இவ்வினம் அற்றுவிட்டதென அறிவித்தன. 1909-இல் சாராயத்தில் இடப்பட்ட ஒரு குட்டியிலிருந்து அதன் மரபணுத் தொகுதியை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் 2017-இல் படித்தறிந்தனர். அதனைக் கொண்டு இவ்விலங்கை மீண்டும் உருவாக்க முயல்வோரும் உளர். தாய் இல்லாத, காட்டில் வழிகாட்ட மூத்தோர் இல்லாத ஒரு குட்டி தைலசீனாகுமா என்பது அம்முயற்சியின் முன் நிற்கும் கேள்வி.

பள்ளிக்குச் சென்ற தோல்

ஹோபார்ட்டில் இறந்த அந்தக் கடைசி விலங்கு பெஞ்சமின் என்னும் பெயருடைய ஆண் என்று நூல்கள் பல்லாண்டுகள் எழுதி வந்தன. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் தாஸ்மேனிய அருங்காட்சியகம் உண்மையை வெளியிட்டது. அது முதிய பெண் விலங்கு. 1936 மே மாதத்தில் கண்ணி வைப்பவர் ஒருவரால் காட்சிச் சாலைக்கு விற்கப்பட்டது. புலி என்று பிழையாகத் தொடங்கிய பெயர், கடைசி விலங்கிற்கும் பிழையாகவே முடிந்தது.

அதன் உடல் தொலைந்துவிட்டதாகவே எண்ணியிருந்தனர். உண்மையில் அது அருங்காட்சியகத்தை விட்டுத் தொலையவில்லை. இறந்தவுடன் அங்கே கொண்டுசென்று, தோலைப் பதப்படுத்தி, எலும்புகளைப் பிரித்து அட்டைகளில் பொருத்தினர். பள்ளிகளுக்குப் பாடம் கற்பிக்கும் பிரிவில் அவை சேர்க்கப்பட்டன. மடித்து எடுத்துச் செல்ல எளிதாயிருந்த அத்தோலை ஆசிரியர்கள் வகுப்புக்கு வகுப்பு கொண்டுபோய், பைவிலங்குப் பாடத்தின்போது பிள்ளைகட்குக் காட்டினர். பின்னர் அது ஓர் அலமாரியில் கிடந்தது. தம் கையில் இருப்பது ஓர் இனத்தின் கடைசித் தோல் என்பதை அவர்கள் அறியார். ஏனெனில் அதன்மேல் எவரும் எழுதி வைக்கவில்லை.

அந்தத் தோலைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகள் வரிகளை எண்ணியிருப்பர். புலியா, நாயா என்று கேட்டிருப்பர். அக்கேள்வியை 1830-இல் பரிசு அறிவித்தவர்களும், 1886-இல் வாக்களித்த பன்னிருவரும் கேட்டிருப்பின், அவ்விலங்கைத் தோலாக அன்றி உயிரோடு காட்டும் வாய்ப்பு அந்த ஆசிரியர்கட்குக் கிடைத்திருக்கும்.